குடகுக் காடும் பெங்களூர்க் குழாயும்

(பெங்களூரில் தமிழ் அன்பர்களிடையே நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



காவிரி என்று சொன்னதுமே இந்த ஊர்த் தமிழர் மனத்தில் ஒரு பதற்றம் வந்துவிடுகிறது. 1991 டிசம்பரின் காவிரிக் கலவரத்தை நேரில் பார்த்தவர்கள் இந்த அரங்கில் இருக்கிறீர்கள். 2016 செப்டம்பரில் பேருந்துகள் எரிந்ததைப் பார்த்தவர்கள் அதைவிட அதிகம். அதனால் காவிரி என்றாலே பங்கு, டி.எம்.சி., தீர்ப்பு என்றுதான் நம் பேச்சு தொடங்குகிறது. நான் இன்று பங்கீட்டுக்கு முந்தைய விஷயத்தைப் பேச வந்திருக்கிறேன். பங்கு போட்டுக்கொள்ள முதலில் ஆற்றில் தண்ணீர் வேண்டும். அந்தத் தண்ணீர் எங்கே, எதனால் உண்டாகிறது, நம் வீட்டுக் குழாய்க்கு எந்த வழியாக வருகிறது, பிறகு எங்கே போகிறது என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

குடகு மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் பிரம்மகிரி மலை இருக்கிறது. அதன் சரிவில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,276 மீட்டர் உயரத்தில் தலைக்காவிரி. அங்கிருந்து அரபிக்கடல் நேர்கோட்டில் ஐம்பது கிலோமீட்டர் தூரம்தான். மலைமுகட்டின் மேற்கே விழும் மழை வட கேரளத்தின், தென் கன்னடத்தின் சிற்றாறுகளில் இறங்கி விரைவில் கடலில் கலந்துவிடுகிறது. கிழக்கே விழும் மழையோ 800 கிலோமீட்டர் நடந்து, இரண்டு மாநிலங்களைக் கடந்து, பூம்புகாரில் வங்கக்கடலைச் சேருகிறது. இந்த ஆற்றின் வடிநிலம் ஏறக்குறைய 81,000 சதுர கிலோமீட்டர். இத்தனை பெரிய நிலத்தின் வாழ்வு, மேற்கு ஓரத்து மலைச்சரிவு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

தலைக்காவிரிக்குப் போனவர்களுக்குத் தெரியும், அங்கே இருப்பது ஒரு சிறு குண்டிகையும் அதை ஒட்டிய குளமும். ஐப்பசி பிறக்கும் துலா சங்கிரமணத்தன்று அங்கே தீர்த்தம் பொங்குவதைக் காண ஆயிரக்கணக்கான குடகர்கள் கூடுகிறார்கள். அதே ஐப்பசி முதல் நாளில்தான் மயிலாடுதுறையில் துலா முழுக்குத் தொடங்குகிறது. ஆறு பிறக்கும் இடத்திலும் கடலை நெருங்கும் இடத்திலும் ஒரே நாளில் மக்கள் அதைக் கையெடுத்துக் கும்பிடுகிறார்கள். அந்த நம்பிக்கையை நான் மதிக்கிறேன். ஆனால் புவியியல் கண்ணோடு பார்த்தால், அந்தக் குண்டிகையிலிருந்து வரும் நீர் காவிரியில் மிக மிகச் சிறு துளி. ஆற்றை உண்டாக்குவது அந்த மலைத்தொடர் முழுவதும் காட்டுக்குள் கசிந்து இறங்கும் எண்ணற்ற ஓடைகள். மலையடியில் பாகமண்டலத்தில் கன்னிகை ஆறு வந்து சேருகிறது. புஷ்பகிரிப் பக்கத்திலிருந்து ஹாரங்கி வருகிறது. தெற்கே இருப்பு அருவியாக விழுந்து லட்சுமண தீர்த்தம் வருகிறது. சிக்கமகளூர் மலையிலிருந்து ஹேமாவதி, வயநாட்டிலிருந்து கபினி. இவை எல்லாமே மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக்காடுகளில் பிறந்தவை.

பனிமலையில் பிறக்கும் ஆறுகளுக்குக் கோடையிலும் உருகும் பனி உண்டு. காவிரிக்கு அது கிடையாது. வருடத்தில் நான்கு மாதம் கொட்டும் மழைதான் அதன் முதல். பாகமண்டலத்தைச் சுற்றி ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கிறது. மலையை விட்டுக் கிழக்கே குசால்நகருக்கு வந்தால் அது ஆயிரத்துச் சொச்சமாகக் குறைகிறது. மண்டியாவில் எழுநூறு அளவு. நம் பெங்களூரில் ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவு. ஆற்றின் நீளத்தில் பெரும்பகுதி வறண்ட நாட்டில் ஓடுகிறது. நீரைத் தருவதோ மேற்கு ஓரத்தில் இருக்கும் ஒரு குறுகிய பச்சை விளிம்பு. குடகு மாவட்டம் முழுவதும் சேர்ந்தே 4,100 சதுர கிலோமீட்டர்தான். காவிரி வடிநிலத்தில் இருபதில் ஒரு பங்கு.

அந்த விளிம்பில் இருப்பது மழைக்காடு. நாங்கு, வெள்ளைக் குங்கிலியம், கருங்குங்கிலியம், அயனிப்பலா என்று முப்பது நாற்பது மீட்டர் உயரத்துக்கு வளரும் மரங்கள். காட்டு மரங்களின் பழத்தைத் தின்று விதையைக் காடெங்கும் கொண்டுபோய்ப் போடும் இருவாச்சிப் பறவைகள். மலை உச்சிகளில் புல்வெளி, மடிப்புகளில் சோலை. இந்தக் காடு மழையை என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் பேச்சின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

ஜூலை மாதத்து மழை அடித்துப் பெய்யும்போது முதலில் மேல்தட்டு இலைகள் அதன் வேகத்தை உடைக்கின்றன. பிறகு நடுத்தட்டு, அதன்பின் புதர், கடைசியில் தரையில் கிடக்கும் இலைச்சருகு. மண்ணில் வந்து சேரும்போது மழைக்கு மண்ணை அரிக்கும் பலம் இருப்பதில்லை. அழுகிப்போன பழைய வேர்களின் துளைகள், மண்புழுவும் கரையானும் தோண்டிய வழிகள், இவை வழியே நீர் உள்ளே இறங்குகிறது. ஆழத்தில் சிதைந்த பாறைக்குள் தங்கி, மெல்ல நகர்ந்து, மழை நின்று பல மாதம் கழித்து எங்கோ ஒரு ஓடையின் கரையில் வெளிவருகிறது. பிப்ரவரியிலும் மார்ச்சிலும் காவிரியில் நாம் காண்பது இந்தப் பழைய மழை.

இதில் ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். காடு மழையை உற்பத்தி செய்து ஆற்றில் ஊற்றுகிறது என்று மேடைகளில் பேசுவது சரியில்லை. காடு தானும் நீர் குடிக்கும். குடித்ததை இலை வழியே ஆவியாக விடும். ஆண்டு மொத்தத்தை மட்டும் பார்த்தால், மொட்டை மலையிலிருந்து அதிக நீர்கூட ஓடிவரலாம். ஆனால் அந்த நீர் இரண்டே நாளில் சேறும் கல்லுமாக வந்து, அணையைத் தூர்த்து, ஊரை அடித்துக்கொண்டு போய்விடும். காடு தருவது காலத்தை. எப்போது வேண்டுமோ அப்போது நீர் கிடைக்கும்படி அது வைத்துக்கொடுக்கிறது. உழவனுக்கும் குடிநீர் வாரியத்துக்கும் வேண்டியது இந்தக் காலக்கணக்குத்தான்.

காடு ஆவியாக விடும் நீரும் வீணாவதில்லை. மும்பை ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, பருவமழை பொய்க்கும் ஆண்டுகளில் தமிழ்நாட்டுக்குக் கிடைக்கும் தென்மேற்குப் பருவமழையின் ஈரத்தில் 40 விழுக்காடு வரை மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகள் விடும் ஆவியிலிருந்து வருவதாகக் கணக்கிட்டது. ஆற்று வழியாக ஒரு பங்கு, காற்று வழியாக ஒரு பங்கு. காற்று வழியாக வருவதற்கு நடுவர் மன்றமும் இல்லை, ஒப்பந்தமும் இல்லை. காடு இருந்தால் வரும், இல்லாவிட்டால் வராது.

தஞ்சைப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் ஆடிப்பெருக்கை நினைத்துப் பாருங்கள். சித்திரான்னம், காதோலை கருகமணி, ஆற்றங்கரையில் பெண்கள். ஆடி பதினெட்டில் தஞ்சையில் பெருமழை கிடையாது. அன்றைக்கு ஆற்றில் பொங்கி வந்த புதுவெள்ளம் குடகிலும் வயநாட்டிலும் ஆனி ஆடியில் பெய்த மழை. தான் கண்ணால் பார்த்திராத ஒரு காட்டின் மழைக்காலத்தை ஒட்டி ஒரு நாடு தன் திருநாளை அமைத்துக்கொண்டிருக்கிறது. காவிரியைப் பற்றி எனக்கு வியப்புக் குறையாத செய்தி இது.

இனி ஆற்றின் பயன்கள். அணைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1911இல் தொடங்கி விஸ்வேஸ்வரய்யா முன்னின்று கட்டிய கிருஷ்ணராஜ சாகரம், 49.45 டி.எம்.சி. கபினி, ஹேமாவதி, ஹாரங்கி அணைகள் பிறகு வந்தன. கீழே 1934இல் மேட்டூர், 93.47 டி.எம்.சி. ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. மண்டியாவின் கரும்பும் நெல்லும், தஞ்சையின் குறுவையும் சம்பாவும் இந்தத் தேக்கங்களை நம்பியவை.

நம்மவர்களுக்கு நெருக்கமான ஒரு பயனைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல ஆசை. 1902இல் சிவனசமுத்திர அருவியில் நீர்மின் நிலையம் தொடங்கியது. அங்கிருந்து ஏறத்தாழ 147 கிலோமீட்டருக்குக் கம்பி இழுத்து மின்சாரத்தைக் கோலார் தங்கவயலுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே பாதாளச் சுரங்கத்தில் வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் வடார்க்காட்டிலிருந்தும் சுற்று வட்டாரங்களிலிருந்தும் போன தமிழர்கள். உங்களில் பலருடைய பாட்டனாரும் பூட்டனாரும் அவர்களில் இருந்திருப்பார்கள். 1905 ஆகஸ்டில்தான் அதே மின்சாரம் பெங்களூர்த் தெருவிளக்கை எரித்தது. குடிநீராக இந்த ஊருக்குள் வருவதற்கு ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் முன்பே காவிரி மின்சாரமாக வந்துவிட்டது.

குடிநீர்க் கதை வேறு. பெங்களூர் ஆற்றங்கரை ஊர் அன்று. கடல்மட்டத்துக்கு மேல் 900 மீட்டருக்கும் அதிக உயரத்தில், காவிரி வடிநிலத்துக்கும் தென்பெண்ணை வடிநிலத்துக்கும் நடுவே இருக்கும் மேட்டில் அமைந்த ஊர். ஏரிகளை வெட்டிக் குடித்த ஊர். 1896இல் ஹெசரகட்டா, 1933இல் திப்பகொண்டனஹள்ளி, இரண்டும் அர்க்காவதி ஆற்றில். அவை போதாமல்தான் 1974இல் காவிரிக் குடிநீர்த் திட்டத்தின் முதல் கட்டம் வந்தது. 1982, 1993, 2002, 2012 என்று அடுத்தடுத்த கட்டங்கள். 2024 அக்டோபரில் ஐந்தாம் கட்டம், நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர், நகரத்தோடு புதிதாகச் சேர்ந்த 110 கிராமங்களுக்காக. முன்பிருந்த 145 கோடி லிட்டரோடு சேர்த்தால் நாளுக்கு 222.5 கோடி லிட்டர். ஆண்டுக் கணக்கில் 28 டி.எம்.சி.க்கு மேல் வருகிறது. நிரம்பிய கிருஷ்ணராஜ சாகரத்தில் பாதிக்கும் அதிகம்.

இந்த நீர் சிவனசமுத்திரத்துக்கு அருகிலிருந்து தொரேகாடனஹள்ளிக்கு வந்து, அங்கே சுத்தமாகி, ஹாரோஹள்ளி, தாதகுனி என்று மூன்று கட்டமாக மேலே ஏற்றப்படுகிறது. தூரம் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். ஏற்றும் உயரம் ஏறத்தாழ அரைக் கிலோமீட்டர். குடிநீர் வாரியத்தின் செலவில் பெரும்பங்கு மின்கட்டணமாகப் போவது இதனால்தான்.

2007இல் காவிரி நடுவர் மன்றம் இறுதித் தீர்ப்புத் தந்தபோது, பெங்களூரின் மூன்றில் ஒரு பங்குதான் காவிரி வடிநிலத்துக்குள் இருக்கிறது என்று கணக்கிட்டுக் குடிநீரை ஒதுக்கியது. 2018 பிப்ரவரி 16இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. நகரம் முழுமைக்கும் தண்ணீர் வேண்டும் என்று சொல்லி, அந்தக் கணக்கில் கர்நாடகத்துக்கு 4.75 டி.எம்.சி. கூட்டிக் கொடுத்தது. குடிநீர் என்பதால் அதில் குறை சொல்ல எனக்கு மனமில்லை. நாமும் அந்த நீரைத்தான் குடிக்கிறோம். ஆனால் மேட்டு நிலத்தின் மறுபக்கத்துக்கு நீரை ஏற்றிவிட்டால், அது வந்த ஆற்றுக்குத் திரும்பிப் போகாது. அல்சூரில் குளித்த நீர் பெள்ளந்தூர் ஏரிக்கும் வர்த்தூர் ஏரிக்கும் போகிறது. அங்கிருந்து தென்பெண்ணையில் விழுந்து ஓசூருக்கு அருகே கெலவரப்பள்ளி அணையில் நுரையாக மிதக்கிறது. குடகில் பிறந்த காவிரி நீர், நம் சாக்கடை வழியாகக் கிருஷ்ணகிரிக்கும் திருவண்ணாமலைக்கும் கடலூருக்கும் போகும் ஆற்றில் சேருகிறது. நகரின் மேற்குப் பாதியின் கழிவோ விருஷபாவதியில் இறங்கி, அர்க்காவதி வழியாகச் சங்கமத்தில் மறுபடி காவிரியைச் சேருகிறது. குடிக்கக் கொடுத்த ஆற்றுக்கே கழிவைத் திருப்பித் தருகிறோம். வீட்டுக்கு வரும் நீரில் ஐந்தில் நான்கு பங்கு கழிவுநீராகிறது என்பது பொறியாளர் கணக்கு. அதை முழுக்கச் சுத்தம் செய்து மறுபடி பயன்படுத்தினால் இந்த நகரத்துக்கு இன்னொரு காவிரிக் கட்டமே கிடைத்ததற்குச் சமம். 2018 முதல் கோரமங்களா – சல்லகட்டா பள்ளத்தாக்கின் சுத்திகரித்த நீர் கோலார் ஏரிகளுக்குப் போகிறது. தரத்தைப் பற்றிய கவலை நியாயமானது, ஆனாலும் திசை சரியான திசை.

இப்போது மறுபடி மலைக்குப் போவோம். குடகு எப்படி இருக்கிறது?

பழைய குடகில் நிலம் ஓர் ஒழுங்கோடு இருந்தது. பள்ளத்தில் நெல்வயல். அதற்கு மேலே சரிவில் அந்த வயலுக்கு உரித்தான மரக்காடு, பாணெ என்பார்கள். வயலுக்குத் தழையுரமும் வீட்டுக்கு விறகும் அதிலிருந்து. ஊருக்கு ஊர் தேவரகாடு, நம் கோயில்காடு போல. குடகில் ஆயிரத்து இருநூறுக்கும் மேற்பட்ட தேவரகாடுகள் பதிவில் உள்ளன. மழைக்காலத்தில் நெல்வயல்கள் நீரை நிறுத்தி நிலத்தடிக்கு விட்டன. பாணெயில் காப்பி வந்த பிறகும், உயர்ந்த காட்டு மரங்களின் நிழலிலேயே காப்பி வளர்ந்ததால் காடு பாதி உயிரோடு இருந்தது. இந்தியக் காப்பியில் மூன்றில் ஒரு பங்கு குடகிலிருந்து வருகிறது. நாம் காலையில் குடிக்கும் டிகிரி காப்பியில் பொடியும் தண்ணீரும் ஒரே மலையிலிருந்து வந்திருக்கக்கூடும்.

அந்த ஒழுங்கு கலைந்துகொண்டிருக்கிறது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு, 1977க்கும் 1997க்கும் இடையே குடகின் காட்டுப் பரப்பில் கால் பங்குக்கு மேல் குறைந்திருப்பதைக் கண்டார்கள். காட்டு நிழல் மரங்களுக்குப் பதிலாக ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சில்வர் ஓக் வரிசை வரிசையாக நிற்கிறது. இதற்குத் தோட்டக்காரரின் பேராசை மட்டும் காரணம் என்று சொல்லிவிட முடியாது. தன் நிலத்தில் நிற்கும் நாட்டு மரத்தை வெட்ட அவர் ஆயிரம் அனுமதி வாங்க வேண்டும். பல நிலங்களில் அந்த மரத்தின் மேல் உரிமையே அரசுக்குத்தான். சில்வர் ஓக்குக்கு அந்தத் தொல்லை இல்லை. வேகமாக வளரும், வெட்டி விற்கலாம், மிளகுக் கொடியும் ஏற்றலாம். காட்டைக் காப்பாற்றப் போட்ட சட்டமே காட்டு மரத்தை வளர்ப்பவருக்குத் தண்டனையாகிவிட்டது. இதை மாற்றாமல் மரம் நடும் விழா நடத்திப் பயனில்லை.

அரபிகா இருந்த இடத்தில் ரொபஸ்டா பரவியது. அது பூக்க, பிப்ரவரி மார்ச்சில் ஒரு நல்ல மழை வேண்டும். பூமழை தவறினால் ஓடையிலிருந்து நீரை இறைத்துத் தெளிக்கிறார்கள். ஆறு மிக மெலிந்திருக்கும் மாதங்களில் இது நடக்கிறது. பள்ளத்து நெல்வயல்கள் ஆளில்லாமல் தரிசாகின்றன, சில மனைகளாகின்றன. சரிவை வெட்டிச் சாலை, சரிவை வெட்டி விடுதி. 2018 ஆகஸ்டில் மடிக்கேரியைச் சுற்றிய மலைகள் சரிந்தன. வீடுகட்டவும் சாலை போடவும் சரிவுகளைச் செங்குத்தாக வெட்டியது அதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று என்று இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை சொன்னது. 2020 ஆகஸ்டில் பிரம்மகிரியே சரிந்து, தலைக்காவிரி அர்ச்சகர் குடும்பத்தை வீட்டோடு மூடியது. ஆற்றின் கருவறையில் நடந்தது இது. அந்தச் செய்தியைக் கேட்டபோது என் நெஞ்சு நடுங்கியது.

அந்த விடுதிகள் யாருக்காக என்று நாம் கேட்டுக்கொள்ள வேண்டும். வெள்ளிக்கிழமை இரவு இந்த ஊரிலிருந்து மைசூர்ச் சாலையில் கிளம்பும் கார்களுக்காக. குடகில் ஐந்தரை லட்சம் மக்கள். இங்கே ஒரு கோடிக்கும் மேல். நம் விடுமுறையின் பாரத்தை அந்தச் சரிவுகள் தாங்க முடியாது.

தனக்கு நீர் தரும் மலையை நகரம் எப்படிக் காப்பது என்ற கேள்வி நியூயார்க்குக்கு 1990களில் வந்தது. பல நூறு கோடி டாலர் செலவில் வடிகட்டும் ஆலை கட்டுவதா, அல்லது நீர் வரும் கேட்ஸ்கில் மலைக் காடுகளையும் பண்ணைகளையும் காப்பதா என்று யோசித்து, 1997இல் மலைவாசிகளோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. நகரத்துக் கட்டணத்திலிருந்து மலைக்குப் பணம் போகிறது. இன்றும் அந்த நீரில் பெரும்பகுதி வடிகட்டப்படாமலே குழாயில் வருகிறது.

நம் ஊரிலும் இந்தப் பேச்சு எழுந்தது. 2024 நவம்பரில் கர்நாடக வனத்துறை அமைச்சர் ஈஸ்வர் கண்ட்ரே, மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகளின் நீரைப் பெறும் நகரங்களில் தண்ணீர்க் கட்டணத்தோடு மாதம் இரண்டு மூன்று ரூபாய் பசுமை வரி வாங்கி, அந்த மலைகளுக்கு ஒரு நிதி உண்டாக்க யோசனை கேட்டார். காட்டோரத்தில் விற்க விரும்புபவர்களின் நிலத்தை அந்தப் பணத்தில் வாங்கலாம் என்றார். வரி என்றதும் எதிர்ப்புக் கிளம்பியது. நான் அந்த யோசனையை முழு மனதோடு ஆதரிக்கிறேன். ஒரு தண்ணீர் லாரிக்கு 2024 மார்ச் தட்டுப்பாட்டில் இந்த ஊர் மக்கள் கொடுத்த விலையை நினைத்தால் மூன்று ரூபாய் ஒரு தொகையா? ஆனால் நிலம் வாங்குவதோடு நின்றுவிடக் கூடாது. நாட்டு நிழல் மரத்தை வெட்டாமல் வைத்திருக்கும் தோட்டக்காரருக்கும், பள்ளத்தில் நெல் நட்டு நீரை நிறுத்தும் குடகு விவசாயிக்கும், தேவரகாட்டைக் காக்கும் ஊருக்கும் அந்தப் பணம் ஆண்டுதோறும் நேராகப் போக வேண்டும். வரவு செலவு பொதுவில் வெளியிடப்பட வேண்டும்.

காவிரியின் குறுக்கே கர்நாடகம் கட்ட நினைக்கும் மேகதாட்டு அணையைப் பற்றி என்ன சொல்கிறீர்கள் என்று கேட்பீர்கள். 67 டி.எம்.சி. தேக்கத் திட்டமிடப்பட்ட அந்த அணை, ஏறத்தாழ 5,000 ஹெக்டேர் நிலத்தை மூழ்கடிக்கும். அதில் பெரும்பகுதி காவிரி வனவிலங்குச் சரணாலயத்துக் காடு. காவிரிக்கும் அதன் கிளையாறுகளுக்குமே உரியது கூன்முதுகு மஹ்சீர் மீன். 2018இல்தான் அறிவியல் அதற்குச் சரியான பெயரை உறுதி செய்தது. அப்போதே அழிவின் விளிம்பில் இருந்தது. காட்டை மூழ்கடித்து நீர் சேர்ப்பது எனக்கு உடன்பாடில்லை. இதை நான் தமிழனாக இருந்து சொல்லவில்லை. இந்த ஊரில் காவிரி குடிப்பவனாகச் சொல்கிறேன்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். நீங்கள் எல்லோரும் ஏதோ ஒரு குடியிருப்போர் நலச் சங்கத்தில் இருக்கிறீர்கள். அடுத்த கூட்டத்தில் இரண்டு தீர்மானங்களை முன்வையுங்கள். முதலாவது, எங்கள் கட்டணத்தில் ஒரு பங்கைக் குடகுக் காட்டுக்குக் கொடுங்கள் என்று குடிநீர் வாரியத்துக்கு ஒரு கடிதம். இரண்டாவது, உங்கள் அடுக்ககத்தின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் ஒழுங்காக ஓடுகிறதா என்று மாதந்தோறும் பார்க்க ஒரு சிறு குழு. கடிதத்தைக் கன்னடத்தில் எழுதுங்கள். பக்கத்து வீட்டுக் கன்னடர் எழுதித் தரட்டும், அவர் கையெழுத்து முதலில் இருக்கட்டும், அதன் கீழே உங்கள் கையெழுத்தைப் போடுங்கள்.